"ஆஸ்துமா இல்லைங்க, சும்மா வீசிங்தான்": சின்னக் குழந்தைகளின் மூச்சுத் தொல்லையும் பெற்றோரின் தயக்கமும்

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஓ.பி. சீட்டோடு காத்திருக்கும் அம்மாக்களிடம் "குழந்தைக்கு என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சளி நெஞ்சில கட்டிக்கிச்சு" என்பார் ஒருவர். "மழை வந்தா வீசிங் வந்துடுது" என்பார் இன்னொருவர். அலர்ஜி, கணை, இஸ்னோபீலியா, பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று இன்னும் பல பெயர்கள் காதில் விழும். ஆஸ்துமா என்ற சொல் மட்டும் வராது. வந்தாலும், "ஆஸ்துமாலாம் இல்லைங்க, சும்மா வீசிங்தான்" என்று மறுப்பதற்காகவே வரும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. சளி என்று நினைக்கும் வீட்டில் சிரப் வாங்குகிறோம், இருமல் நின்றதும் பாட்டிலை ஓரம் வைக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி இருமல், மறுபடி சிரப், நடுராத்திரியில் மறுபடி நெபுலைசர். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று தெரிந்த வீட்டில்தான் "இருமல் இல்லாத நாளிலும் மருந்து எதுக்கு?" என்ற கேள்வியே பிறக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த குழந்தை இரவில் தூங்குகிறது. கிடைக்காத குழந்தை மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனை வாசலில் நிற்கிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது இது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம், வீட்டில் என்ன கவனிக்கலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் லேசாக வீங்கிப் புண்பட்ட மாதிரியே இருக்கிறது. வெளியே தெரியாது. சாதாரண ஜலதோஷக் கிருமி, புகை, தூசு, குளிர்காற்று என ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே சளி கூடுகிறது, வழி சுருங்குகிறது. சுருங்கிய வழியில் காற்று வெளியேறும்போது வரும் விசில் சத்தம்தான் வீசிங். அதாவது வீசிங் என்பது ஒரு சத்தம், ஓர் அறிகுறி. காய்ச்சல் என்று சொன்னால் எதனால் காய்ச்சல் என்று கேட்கிறோம் இல்லையா? வீசிங்குக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே குறுகியது. பெரியவர்களுக்கு ஒரு தும்மலோடு போகிற வீக்கம், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விலா எலும்பு உள்ளிழுக்கும் அளவுக்குப் போய்விடும்.

பெற்றோரின் நம்பிக்கையில் பாதி சரி

"அஞ்சு வயசானா தானா போயிடும்" என்று பாட்டிகள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில் 1980களில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. மீதி இரண்டு பேருக்கு இருந்தது.

மருத்துவர்களும் சின்னக் குழந்தைக்கு "ஆஸ்துமா" என்று எடுத்ததும் எழுதத் தயங்குவது இதனால்தான். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை ஐந்து வயதுக்குக் கீழே சரியாகச் செய்ய வைப்பதும் கஷ்டம். அதனால் அவர்கள் ஒரு பாங்கைத் தேடுகிறார்கள். சளி பிடிக்காத நாளிலும் இருமுகிறதா? ஓடினால், சிரித்தால், அழுதால் இருமல் வருகிறதா? இரவிலும் விடியற்காலையிலும் கூடுகிறதா? ஒவ்வொரு சளியும் பத்து நாளுக்கு மேல் இழுக்கிறதா? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா உண்டா? குழந்தைக்குத் தோலில் அரிப்பு, கரப்பான் இருந்ததா? இவற்றில் பலவற்றுக்கு "ஆமா" என்றால் சந்தேகம் வலுக்கிறது. சில நேரம் இரண்டு மூன்று மாதம் மருந்து கொடுத்து, நின்றதும் என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். "டாக்டருக்கே தெரியல" என்று அந்த நேரத்தில் ஆளை மாற்றிவிடாதீர்கள்.

தானாகப் போய்விடலாம் என்பதற்காக, இப்போது மூச்சு இரைக்கும் குழந்தைக்கு மருந்து வேண்டாம் என்று ஆகாது. அந்த ஐந்தில் மூன்றில் உங்கள் குழந்தை இருக்கிறதா என்பது பின்னால்தான் தெரியும்.

மற்ற இரண்டு பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்னோபீலியா என்பது ரத்தத்தில் ஒருவகை வெள்ளை அணு கூடியிருப்பதைக் குறிக்கிறது. அலர்ஜி இருந்தாலும் கூடும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் கூடும். இருமலுக்கான காரணத்தை அந்த ஒரு ரிசல்ட் சொல்லிவிடாது. பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்வது குழந்தைகளுக்கு வரும் காசநோயை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் என்று இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் சோதனை எதுவும் இல்லாமல், குழந்தை ஒல்லியாக இருக்கிறது, இருமுகிறது என்பதற்காக மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டால், ஆஸ்துமா உள்ள குழந்தை மாதக்கணக்கில் தவறான மருந்தைச் சாப்பிடும். "என்ன டெஸ்ட் வச்சு சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கையில் இருக்கும் போன் உதவும்

ராத்திரி இரண்டு மணிக்கு இழுத்துக்கொண்டிருந்த குழந்தை, காலையில் ஓ.பி.யில் மேஜை மேல் ஏறி விளையாடும். "நைட்டு ரொம்ப கஷ்டப்பட்டான் டாக்டர்" என்று எவ்வளவு சொன்னாலும் அந்தக் காட்சியை வார்த்தையில் கொண்டுவர முடியாது. அதனால் இரவில் மூச்சு சத்தம் வரும்போது போனில் வீடியோ எடுங்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி, ஒரு நிமிடம் போதும். டி.வி.யை அணைத்துவிட்டால் சத்தமும் பதிவாகும். மருத்துவருக்கு இது பெரிய உதவி. பெற்றோர் வீசிங் என்று சொல்வது சில நேரம் மூக்கடைப்புச் சத்தமாகவும் இருக்கும். வீடியோவைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

அதே போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சை வைத்து மூச்சையும் எண்ணலாம். குழந்தை அழாமல், அமைதியாக அல்லது தூங்கிக்கொண்டு இருக்கும்போது, வயிறு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என வைத்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் இது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பஃப் வேணாங்க, மருந்து எழுதுங்க"

பெற்றோரின் பயம் அதிகம் திரண்டு நிற்பது இன்ஹேலர் மேல்தான். இந்தியாவில் பெற்றோரிடம் நடத்திய பல ஆய்வுகளிலும் இதே மூன்று கவலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: பழக்கமாகிவிடும், பவர் ஜாஸ்தி, கடைசிக் கட்டத்தில்தான் கொடுப்பார்கள்.

பவர் கணக்கை முதலில் பார்ப்போம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் சிரப்பில் பொதுவாக 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்தின் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். ஆக, ஒரு டீஸ்பூன் சிரப்பில் இருக்கும் மருந்து 20 பஃப்புக்குச் சமம். சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, கடைசியில் கொஞ்சம் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் கூடுகின்றன. பஃப் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, சில நிமிடங்களில் வேலை செய்கிறது. லேசானது என்று நாம் நினைத்த சிரப்தான் உண்மையில் கனமான மருந்து!

அடுத்தது ஸ்டீராய்டு பயம். இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. மூச்சு இரைக்கும்போது உடனே விரிக்கும் நிவாரண மருந்து ஒன்று. வீக்கத்தைக் குறைக்க, நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து இன்னொன்று. இந்தத் தடுப்பு மருந்தில்தான் பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குப் போவது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம் அளவில். இதை வேண்டாமென்று நிறுத்தி, மூச்சுத் தொல்லை முற்றி மருத்துவமனைக்கு ஓடினால், அங்கே வாய்வழியாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வரலாம். 12 கிலோ குழந்தைக்கு அது ஒரே நாளில் 12 மில்லிகிராமுக்குக் குறையாது. அதாவது 12,000 மைக்ரோகிராம். ஸ்டீராய்டு வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில்தான் கடைசியில் அதிக ஸ்டீராய்டு போகிறது.

பக்கவிளைவே கிடையாது என்று சொன்னால் அது பொய். உயரம் பற்றி ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. 5 முதல் 12 வயதுக்குள் ஆரம்பித்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் தினமும் பியூடெசோனைடு எடுத்த அமெரிக்கக் குழந்தைகள், பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைவாக இருந்தார்கள் என்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும். தூக்கமும் சாப்பாடும் போனால் குழந்தை எப்படி வளரும்? குறைந்த அளவில் கொடுத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, முடிந்தால் இன்னும் குறைப்பதுதான் மருத்துவர்களின் வழக்கம். ஒவ்வொரு முறையும் உயரத்தையும் எடையையும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அடிமையாகிவிடுமா? இன்ஹேலர் மருந்துக்கு அந்தக் குணம் கிடையாது. கண்ணாடி போடுகிற குழந்தை கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. கடைசிக் கட்ட மருந்தும் இல்லை, உலகம் முழுக்க முதல் மருந்தே இதுதான்.

நீல நிறம் என்றால் நிவாரணம் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் மேலே எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். எது தினசரி, எது அவசரத்துக்கு என்று சின்ன ஸ்டிக்கரில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் எல்லோருக்கும் குழப்பம் தீரும்.

ஸ்பேசர் இல்லாமல் பஃப் வேண்டாம்

மூன்று வயதுக் குழந்தையிடம் "இப்ப இழு" என்றால் அது சிரிக்கும். அழுத்துகிற நொடியில் இழுக்கும் சாமர்த்தியம் பெரியவர்களுக்கே வருவதில்லை. அதற்குத்தான் ஸ்பேசர் என்ற குழாயும் முகத்தில் வைக்கும் மாஸ்க்கும். இன்ஹேலரைக் குலுக்குங்கள். ஸ்பேசரில் பொருத்துங்கள். மூக்கும் வாயும் சேர்த்து மூடும்படி மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஒரே ஒரு பஃப் அழுத்திவிட்டு, குழந்தை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடும்வரை அப்படியே பிடியுங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கிவிட்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும். தடுப்பு மருந்து கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்க வையுங்கள், முகத்தைத் துடையுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரலாம்.

அழுகிற குழந்தையின் முகத்தில் பலவந்தமாக அழுத்திக் கொடுக்கிறோமே, அதில் நுரையீரலுக்குப் போவது மிகக் குறைவு. முன்கூட்டியே மாஸ்க்கை விளையாட்டுச் சாமானாகக் கொடுத்துப் பழக்குங்கள், பொம்மைக்கு முதல் பஃப் போடட்டும். சிலர் தூங்கும்போது கொடுக்கிறார்கள், பாதியில் விழித்து அழுவதுதான் நடக்கிறது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் உருவாகும் மின்னேற்றம் மருந்தைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும்.

செவிலியர் செய்து காட்டும்போது, அவர் அனுமதியோடு வீடியோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ அத்தையோதான் என்றால் அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு நெபுலைசர் மெஷின் வாங்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. லேசான, நடுத்தரத் தொல்லைக்கு ஸ்பேசரோடு கொடுக்கும் பஃப்பும் நெபுலைசரும் ஒரே அளவு வேலை செய்கின்றன. ஸ்பேசர் விலை குறைவு, பையில் வைக்கலாம், கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

சாம்பிராணியும் வாழைப்பழமும்

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொன்னால் எந்தப் பாட்டிக்கும் கோபம் வரும். ஆனால் மூச்சுக்குழாய்க்குப் புகை என்றால் புகைதான், அது வாசனையாக இருந்தாலும். கொசுவத்திச் சுருளைப் பற்றி 2003இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு மிரள வைக்கும்: மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம். கொசுவலைதான் நல்லது. "நான் வெளிய போய்தாங்க பிடிக்கிறேன்" என்று சொல்லும் அப்பாக்களின் சட்டையிலும் கையிலும் புகை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. போகியன்று காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். தலையணை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி குறையும்.

புகையில் இவ்வளவு தாராளமாக இருக்கும் நாம், சாப்பாட்டில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, ஆரஞ்சு கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் தொல்லை வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்தலாம். "குளிர்ச்சி" என்ற ஒரே காரணத்துக்காகப் பாதிச் சாப்பாட்டை நிறுத்தினால் குழந்தை இளைக்கும், பிறகு அந்த இளைப்பைப் பார்த்து இன்னொரு நோயின் பெயர் சொல்வார்கள்.

சில கைவைத்தியங்களில் ஆபத்து உண்டு. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது வழக்கம்தான், ஆனால் கற்பூரம் தோல் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். தொக்கம் எடுக்க அலைவதில் போகும் நேரம் மூச்சு இரைக்கும் குழந்தைக்கு இல்லாத நேரம். ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஐதராபாத்தில் தரப்படும் மீன் மருந்துக்கு இங்கிருந்தும் போகிறார்கள். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவ நிரூபணம் இல்லை. போய்வந்த நம்பிக்கையில் பஃப்பை நிறுத்துவதுதான் பெரிய கவலை. மெடிக்கல் ஷாப் சளி மருந்திலும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறது, மூக்கு விடைக்கிறது, பால் குடிக்க முடியவில்லை, பேச்சு வரவில்லை, உதடு நீலமாகிறது, குழந்தை துவண்டு தூங்கி வழிகிறது. இதில் எது ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை மருத்துவர் எழுதித் தந்தபடி நிவாரண பஃப் கொடுத்துக்கொண்டிருங்கள், குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். நிவாரண மருந்து கொடுத்தும் அடங்கவில்லை, அல்லது 3 மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்படுகிறது என்றாலும் உடனே மருத்துவமனைதான். ஒரு வயதுக்குக் கீழே என்றால் இன்னும் சீக்கிரம். விசில் சத்தம் திடீரென்று நின்றுபோனால் "சரியாயிடுச்சு" என்று நினைக்காதீர்கள். குழந்தை சோர்ந்திருந்தால், காற்றே போகவில்லை என்பது அதற்கு அர்த்தமாக இருக்கலாம்.

யாரிடம் சொல்வது, எங்கே போவது?

நாளைக்குப் பள்ளியில் ஒதுக்குவார்கள், பெண் குழந்தை என்றால் கல்யாணப் பேச்சில் வரும் என்று மறைக்கும் வீடுகள் இருக்கின்றன. இரண்டரை வயதுக் குழந்தையின் இருமலுக்கு இருபது வருடம் கழித்து வரப்போகும் சம்பந்தியை நினைத்துப் பயப்படுகிறோம்! இன்றைக்கு அங்கன்வாடியில் குழந்தைக்கு மூச்சு இரைத்தால், விஷயம் தெரியாத பணியாளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார். தெரிந்தவர் பஃப்பை எடுப்பார், உங்களுக்கு போன் செய்வார்.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக் குழந்தைகளை ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடக்கும் பரிசோதனை இது. அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் மூச்சுக்குழாய் சுருக்கமும் இருக்கிறது. குழு வரும் தேதியைப் பணியாளரிடம் கேட்டு, அன்று நீங்களும் போங்கள். போனில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கோ அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ அனுப்புவார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். உங்கள் குழந்தைக்கான இன்ஹேலர் அங்கே இல்லையென்றால், எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். சந்தேகம் கேட்க 104 எண் உண்டு. உள்நோயாளியாகச் சேர்க்கும் நிலை வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் ஒரு தாள் கேளுங்கள். தினமும் எந்த மருந்து, எத்தனை பஃப், மூச்சு இரைத்தால் எந்த மருந்து, எத்தனை பஃப், எப்போது கிளம்பி வர வேண்டும், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நகலை ஸ்பேசர் பையிலும் இன்னொன்றை அங்கன்வாடியிலும் கொடுத்துவிடுங்கள்.